எண்ணெய் போட்டுட்டு வராதே

"திருப்பு" என்கிறார் செமிசி.

மண்ணில் ஒருக்களித்துப் படுத்து, முன்சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்து ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் போலீஸ்காரர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கிறார். கீச். வலப்பக்கம். கீச்.

"மெதுவாப்பா. திருடன் கையை முறுக்கற மாதிரி முறுக்காத."

இன்னொரு கீச். பிறகு எழுந்திருக்கிறார். அதற்கு அரை நிமிஷம் ஆகிறது. முழங்காலைப் பிடித்து, டயரைப் பிடித்து, கடைசியில் போலீஸ்காரரின் பெல்ட்டையும் பிடித்து நிமிர்கிறார். "மேல பேரிங் போச்சு. ஸ்பிரிங் சுத்தாம முரண்டு பண்ணி, அப்புறம் துள்ளுது. உயிருக்கு ஆபத்தில்ல. கிறிஸ்மஸ் வரைக்கும் கத்திக்கிட்டே ஓடும்" என்கிறார். சொல்லும்போதே கொட்டாவி வந்துவிடுகிறது.

வைனி கிராமத்தில், பழைய கன்டெய்னர் ஒன்றின் முன்னால் தகரக் கூரை இறக்கியதுதான் அவர் பட்டறை. அடுத்த வீட்டுப் பன்றிகள் வந்து ஜாக்கியின் மேல் முதுகு சொறிந்துகொள்ளும். அவற்றை விரட்டுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். தொங்கா தீவுக்கு வரும் கார்கள் ஜப்பானில் ஒரு ஆயுசை முடித்துக்கொண்டு வருபவை. மிச்ச ஆயுசை இங்கே கடல் உப்பும் பவளத் தூளும் தின்கின்றன. திருப்பும்போது முன்சக்கரம் கீச்சிடாத வண்டி ஊரில் பத்து தேறினால் அதிகம். என்னுடையது அந்தப் பத்தில் இல்லை. அதனால்தான் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட விடைத்தாள்களைக் கட்டிவைத்துவிட்டு நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "சத்தத்தை வாயால போட்டுக் காட்டு." ஆறடி உயர ஆட்கள் கூச்சத்தோடு குஞ்சுக் கோழி மாதிரி கத்திக் காட்டுவார்கள். செவிலி ஒருத்தி மூக்கால் முனகினாள். மீன்பிடிக்கிற ஒருவர் கதவு திறக்கிற மாதிரி இழுத்தார். செமிசி சிரிக்கமாட்டார். "நின்னுக்கிட்டுத் திருப்பும்போதா, ஓடும்போதா? காலைலயா, வெயில் ஏறினப்புறமா? மழை பெஞ்சா நிக்குதா?" மழையில் நின்றுபோகிற சத்தம் என்றால் மட்டும் முகம் கொஞ்சம் மாறும். காய்ந்துபோன மூட்டுதான் ஈரம் பட்டால் வாயை மூடுமாம்.

ஆனாலும் காதை அவர் நம்புவதில்லை. "சத்தம் இரும்பு வழியா ஓடிப்போய் வேற எங்கயோ நின்னு கத்தும் வாத்தியாரே. எத்தனை தடவை ஏமாந்திருக்கேன்." ஸ்டியரிங் தண்டில் இருக்கும் ரப்பர், ஸ்பிரிங், கடைசியாகச் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் என்று வரிசையாகக் கையை வைத்துப் பார்ப்பார். காய்ந்த மூட்டு திரும்பும்போது உள்ளங்கையில் மணல் அரைகிற மாதிரி இருக்குமாம். என் கையையும் ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு அழுக்குதான் தெரிந்தது.

கன்டெய்னர் கதவில் வெள்ளைச் சாயத்தில் ஒரே ஒரு வாசகம் எழுதியிருக்கிறார்: எண்ணெய் போட்டுட்டு வராதே. யாரும் கேட்பதில்லை. இந்த ஊரில் தலைக்கும் தேங்காயெண்ணெய், நடனமாடுகிறவர் தோளுக்கும் தேங்காயெண்ணெய், கீச்சிடுகிற சக்கரத்துக்கும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வண்டி திரும்பும்போது அத்தனை தலையும் திரும்புகிறதே என்ற வெட்கம். "சத்தம் போகணும்னுதான் எல்லாரும் வரானுங்க. என்ன கோளாறுன்னு ஒருத்தன் கேக்கறதில்ல. அலுத்துப்போச்சு" என்பார். அது அலுப்பு மட்டுமில்லை. ஏழு வருஷம் முன்னால் ரொட்டிக்கடை சித்தானிக்கு அவசரம் என்று இவரே எண்ணெயை ஒரு பீச்சு பீச்சி அனுப்பினார். சத்தம் நின்றது. பத்தாம் நாள் ஓடுகிற வண்டியில் அந்த பால் ஜாயிண்ட் கழன்று, சக்கரம் மடங்கி, சித்தானியின் வலது கால் போயிற்று. சித்தானி ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றும் காலையில் கட்டைக்காலோடு வந்து சூடாக ஒரு ரொட்டியை ஜாக்கி மேல் வைத்துவிட்டு, "தூங்கினியா செமிசி?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அந்த ரொட்டியைச் செமிசி தின்று நான் பார்த்ததில்லை. பன்றிகள் தின்னும்.

போன சனிக்கிழமை மத்தியானம், போதகர் வீட்டு வேன் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் போதகரின் மனைவி லுசியானே. செமிசியின் கூடப்பிறந்த அக்காவும் அவர்தான். செமிசி உடனே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டார். அக்கா கேட்டதை முடியாது என்று சொன்ன தம்பியை இந்தத் தீவில் நான் இருபது வருஷமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

"தம்பி, திரும்பும்போது பன்னிக்குட்டி மாதிரி கத்துது. வியாழக்கிழமை எண்ணெய் ஊத்தினேன், நின்னுது. இன்னிக்கு மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்குப் பாட்டுக் குழுவை ஏத்திக்கிட்டு கொலோவாய் கோயிலுக்குப் போறோம், பதிமூணு பேர். அத்தனை சபையும் வாசல்ல நிக்கும். நீ அந்த நீள மூக்கு டப்பாவால ஒரு பீச்சு பீச்சி விடு, போதும்."

"பாக்கறேன்க்கா."

ஸ்டியரிங்கைத் திருப்ப நான் ஏறினேன். செமிசி படுத்து, கையை நுழைத்தார். சக்கரத்திலிருந்து பூப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயின் வாசனை கல்யாண வீடு மாதிரி வந்தது. ஒரு திருப்பில் கையை வெளியே இழுத்துவிட்டார். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்துக்குக் கீழே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். சக்கரம் கட்டைவிரல் அகலம் மேலே போய், டக்கென்று இறங்கியது. மூட்டைச் சுற்றியிருக்க வேண்டிய ரப்பர் உறை கிழிந்து தொங்கியது.

"அக்கா, பால் ஜாயிண்ட் ஆடுது. இதுக்கு சாமான் ஆக்லாந்துலேந்து வரணும், பத்து நாளாகும்."

"வரட்டும். திங்கக்கிழமை சொல்லி அனுப்பு. நாளைக்கு மட்டும் சத்தம் வரக்கூடாது."

"இது சத்தத்தோட நிக்காதுக்கா. கழண்டுடும்."

"கர்த்தருக்குப் பாடப் போறோம் தம்பி, கழட்டி விட்டுடுவாரா? காலைல ஏழு மணிக்கு எல்லாரும் இங்கயே வந்து ஏறிக்கிறோம். சரியா?"

"சரிக்கா" என்றார் செமிசி.

லுசியானே வேனை அங்கேயே விட்டுவிட்டு, பெரிய குடையை விரித்துக்கொண்டு நடந்து மறையும்வரை இவர் தலை நிமிரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னங்க, சரின்னுட்டீங்க? பதிமூணு உசுரு!"

"வேற என்ன சொல்லச் சொல்ற? அவங்க என் அக்கா."

முதுகைத் தூணில் சாய்த்து உட்கார்ந்தார். ஊரெங்கும் ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு விறகு பிளக்கிற சத்தம். சாயங்காலத்தோடு அதுவும் அடங்கிவிடும். ஞாயிறு பிறந்துவிட்டால் இந்த நாட்டில் யாரும் ஸ்பானரைத் தொடமுடியாது. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தப்போய் போதகரே வீடு தேடி வந்து எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். செமிசி சூரியனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, அந்த அலுத்த உடம்போடு, எழுந்தார்.

முன்சக்கரத்தைக் கழற்றினார். வேனுக்குக் கீழே மரக்கட்டையை அடுக்கி இறக்கினார். பின்னால் இருந்த ஸ்டெப்னியையும் இறக்கினார். இரண்டையும் கன்டெய்னருக்குள் உருட்டிப் பூட்டினார். ஐந்து நட்டுகளையும் கந்தலால் ஒவ்வொன்றாகத் துடைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "வீட்டுக்குப் போ வாத்தியாரே. உன் வண்டி அடுத்த வாரம். அது சும்மா கத்துது."

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பட்டறை வாசலில் பதிமூன்று பேர் வெள்ளை உடுப்போடு, கட்டைமேல் நின்ற வேனைச் சுற்றிவந்தார்களாம். அந்த நேரத்தில் வேறு வண்டி கிடைக்கவில்லை. கொலோவாய் போகாமல் பத்து மணி ஆராதனைக்கு எங்கள் கோயிலிலேயே வந்து நின்றார்கள். முன்வரிசையில் நின்ற லுசியானேயின் முகம் இறுகியிருந்தது. பாடலுக்கு எல்லோரும் எழுந்தபோது எனக்குப் பக்கத்தில் செமிசியும் எழுந்தார். அவருடைய கறுப்புக் கோட்டுப் பையில் இரும்போடு இரும்பு உரசிக் கிணுங்கியது.

லுசியானே திரும்பிப் பார்த்தார். செமிசி உள்ளங்கையைப் பைமேல் வைத்து அழுத்தி, சத்தத்தை நிறுத்தினார். தலை மட்டும் குனியாமல், அக்காவின் கண்ணைப் பார்த்தபடியே பாட ஆரம்பித்தார்.