நான் தட்டிவிடாத கை

நான் சபையில் பொய்ச் சாட்சி சொன்னவள். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆண்டவருடைய பெயரைச் சொல்லி, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் பாதி வழியில் எனக்குச் சாதகமாகத் திரும்பிவிடுவேன். என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது...

கணவர் இறந்த பிறகு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தேன். பிள்ளைகள் இல்லை. நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு லைன் வீட்டில் ஓர் அறை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையும் கறையும் இருப்பதை ஒதுக்க வேண்டும். மிஷின் சத்தத்தில் நாள் முழுக்க ஒருவரோடும் பேசாமலே இருந்துவிடலாம். அப்படி இருந்தும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மட்டும்தான் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் குடும்பம் குடும்பமாக வண்டி ஏறிப் போவார்கள். நான் நடந்து வந்து ஒருத்திக்குச் சோறு வடிப்பேன்.

நான் பொய் சொன்ன வருஷம், ஆயுத பூஜை வருவதற்கு முன்பே பாஸ்டர் எங்களை எச்சரித்திருந்தார். கம்பெனியில் குங்குமம் வைக்க வந்தால் விசுவாசத்தில் உறுதியாய் நில்லுங்கள் என்றார். நானும் முடிவு செய்திருந்தேன். "வேண்டாங்கம்மா" என்று சொன்னால் போதும். இந்த ஊரில் அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

முதலாளியின் தாயார் தட்டை ஏந்திக்கொண்டு மேசை மேசையாக வந்தார். என் முன்னால் நின்றார். "நல்லா இருக்கோணும் கண்ணு" என்று சொல்லி, இடது கையால் என் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

நான் நெற்றியைக் காட்டினேன்.

பயந்து காட்டியிருந்தால்கூட மன்னிப்புக் கேட்க வழி உண்டு. எனக்குப் பயமே இல்லை! கணவரை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு என் முகத்தை ஒரு கை தொட்டதில்லை. அந்தக் கை இன்னும் கொஞ்சம் இருக்காதா என்று இருந்தது. பிறந்ததிலிருந்து பொட்டு வைத்தறியாத நான் சாயங்காலம் வரை அதை அழிக்கவில்லை. கழுவும் முன் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்து நின்றேன்... இதைக்கூடச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஞாயிறு வந்தது. சாட்சி நேரத்தில் பாஸ்டர் கேட்டார். "இந்த வாரம் கர்த்தருக்காக உறுதியா நின்னவங்க யாராவது இருக்கீங்களா?" ஒருவரும் எழவில்லை.

நான் எழுந்தேன். விசுவாசத்திலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லி அழத்தான் எழுந்தேன். அது நிஜம் என்றே இன்னும் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கைக்கு என்ன மதிப்பு? "முதலாளியம்மா தட்டோட எங்கிட்ட வந்தாங்க" என்று தொடங்கியதும் சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அத்தனை முகங்கள். அத்தனையும் என்னை நோக்கி. அங்கேயே என் வாய் தடம் மாறியது. "என் நெத்தி கர்த்தருக்குச் சொந்தம்னு சொல்லி அந்தக் கையைத் தட்டிவிட்டேன்" என்றேன்.

தகரக் கூரை அதிரும்படி கைதட்டினார்கள். அன்று மதியம் ஒரு குடும்பம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது. வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்கு முன், சபை வாசலிலேயே ஜெயராணி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். வேறொரு கம்பெனியில் செக்கிங். குடிக்கிற கணவன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். "யக்கா, நான் வருசா வருசம் வச்சுக்கிட்டு வெளிய வந்து அழிச்சிருவேன். இனி அப்படி இருக்க மாட்டேன்க்கா" என்றாள். அவள் கண்ணில் இருந்த வெளிச்சம் நான் கொடுத்தது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது.

அவள் கம்பெனியில் ஆள் கேட்டபோது நானும் அங்கே சேர்ந்தேன். ஒரே மேசையில் எதிரெதிரே நின்றோம். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். உடம்புக்கு முடியாமல் நான் கிடந்தபோது அவள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். திருப்பூரில் நான் தனியாக இல்லாத வருஷம் அது ஒன்றுதான்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அவள் உதடு ஜெபித்துக்கொண்டே வந்தது. அமைதியாக வேண்டாம் என்று சொன்னால் போதும், கையைத் தட்டாதே என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் தட்டிவிட்டீர்களே என்று அவள் கேட்பாள். அதற்கு என்ன பதில் இருக்கிறது என்னிடம்? அதைச் சொல்லாமலே கம்பெனிக்குள் நுழைந்தேன்.

ஷிப்மெண்ட் போகவேண்டிய வெள்ளைச் சட்டைகள், குழந்தைகள் போடுவது, மேசையில் அடுக்கியிருந்தன. முதலாளியின் மனைவி தட்டோடு வந்தார். ஜெயராணி நிமிர்ந்து நின்றாள். "என் நெத்தி கர்த்தருக்குச் சொந்தம்" என்றாள். நான் சொன்ன வார்த்தை, ஓர் எழுத்து மாறாமல். பிறகு நான் சொன்னபடியே கையைத் தட்டினாள்.

தட்டு கவிழ்ந்தது. குங்குமம் அந்த அம்மாளின் சேலையிலும் வெள்ளைச் சட்டைகளிலும் கொட்டியது. சூப்பர்வைசர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். அந்த அம்மாள் மட்டும் கத்தவில்லை, முகம் வெளுத்துப்போய், "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்குத் தாண்டிப் போயிருப்பனுங்களே..." என்றார். கண் கலங்கியிருந்தது. தட்டில் ஒட்டியிருந்த கொஞ்சத்தோடு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் வேண்டாமுங்களா?"

நானும் அவளைப் போலத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவள் நான் என்று சொல்லியிருக்கலாம். நான் குனிந்து நெற்றியைக் காட்டினேன். ஜெயராணி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவளை அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கலாட்டா செய்தவள் என்று மற்ற கம்பெனிகளிலும் சேர்க்கவில்லை. கணவன் அடித்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டாள். இப்போது பீடி சுற்றுகிறாள். சபையில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள். பாஸ்டர் அவளுக்காக ஜெபித்தார். அவளை உருவாக்கினதற்காக என்னையும் பாராட்டினார்!

அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் போனது என்னைத் தின்றது. போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் அவளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தேன்.

"நான் உன்னைக் காட்டிக்கொடுத்துட்டேன் ஜெயா" என்றேன்.

"ஏன்க்கா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? ஒரு நாள் பயந்துட்டீங்க. யாருதான் பயப்படல? உங்களுக்காகத் தினமும் ஜெபம் பண்ணுதேன்."

"அது இல்ல ஜெயா. அதுக்கு முந்தின வருசம்..."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்று குறுக்கிட்டாள். "இங்க வந்து ரொம்பக் கஷ்டம்க்கா. அவரும் வந்து தகராறு பண்ணுதாரு. ஆண்டவரே வேண்டாம்னு தோணும். அப்பல்லாம், எங்க அக்கா தனியா நின்னு அந்தக் கையைத் தட்டிவிட்டாங்கல்ல, அப்படின்னு நினைப்பேன். அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கேன். நீங்க நின்னது நெசந்தானக்கா?"

என் காதில் அவள் மூச்சு கேட்டது. பின்னால் அவள் பிள்ளை எதற்கோ அழுதது. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"நெசந்தான் ஜெயா" என்றேன்.