டேஷ்போர்டு சாமிக்கு அபிஷேகம்

வெயில் மண்டையப் பொளக்கற மத்தியானத்துல என் பிக்கப் வண்டியோட வைப்பர் தானா ஆட ஆரம்பிச்சப்ப நான் சிரிச்சேன். மழையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, காஞ்ச கண்ணாடிய அது பாட்டுக்கு வரட்டு வரட்டுன்னு தேச்சிக்கிட்டுக் கிடந்துச்சு. மறுநாள் பட்டப்பகல்ல ஹெட்லைட் எரிஞ்சுது. அப்புறம் ஒரு துக்க வூட்டத் தாண்டிப் போறப்ப ஹாரன் புடிச்சுக்கிட்டுக் கத்துச்சு பாருங்க, ஒப்பாரி வெச்சிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் அத நிறுத்திட்டு என்னத் திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. பானெட்டத் தூக்கி ஒயரப் புடுங்கிப் போட்ட பின்னாலதான் செத்தவருக்கு நிம்மதி. அன்னைலேருந்து எனக்கு சிரிப்பு வரல.

மொரப்பூர் பக்கத்து ஊருங்கள்ல தக்காளி, கத்தரி ஏத்திக்கிட்டுப் போய் தருமபுரி மார்க்கெட்டுல இறக்குறது என் பொழப்பு. கறவை மாடுங்கள வித்து வாங்குன வண்டி. ஆர்.சி. புக்கும் என் பேர்ல, ஸ்டியரிங்கும் என் கையில. வூட்டுக்காரர் பெங்களூர்ல செக்யூரிட்டி வேலைல இருக்காரு, எப்பவாவது லீவு குடுத்தா வருவாரு. பக்கத்து வூட்டுல மூத்தார், அதாவது அவரோட அண்ணன். நான் வண்டி ஓட்டறது அவருக்கு ஆரம்பத்துலேருந்தே ஆவாது. ஆனா அந்த வண்டி மட்டும் நல்லா ஆவும். நான் லோடு இறக்கிட்டு வந்து சோத்துல கை வெக்கறதுக்குள்ள வண்டி காணாமப் போயிருக்கும். எருவடிப்பாரு, தீவனம் ஏத்துவாரு, பொண்ணு வூட்டுக்குப் போவாரு. கேக்க மாட்டாரு. எடுப்பாரு, அவ்ளோதான். திரும்பி வரும்போது டீசல் முள்ளு கீழ படுத்துக் கிடக்கும், பின்னாடி சாணி. விடிய காத்தால நான் கழுவிட்டு, அதே வண்டில தக்காளி ஏத்தணும்.

வண்டிக்கு இப்படி ஆனதும் ஊரே டாக்டராயிடுச்சு. திருஷ்டின்னான் ஒருத்தன். நம்பர் சரியில்லன்னான் இன்னொருத்தன், ஏதோ இவன்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல உக்காந்து நம்பர் குடுத்த மாதிரி. லோக்கல் எலக்ட்ரீஷியன் பேட்டரிய மாத்துனாரு, ஃபியூஸ மாத்துனாரு, கடைசியா முகத்த மாத்திக்கிட்டு, "அக்கா, இது ஒயரிங் இல்ல, வேற என்னமோ"ன்னாரு. அந்த என்னமோவ கண்டுபுடிக்கத்தானப்பா உன்கிட்ட வந்தேன்!

மூத்தார் மட்டும் நோய கரெக்ட்டா கண்டுபுடிச்சுட்டாரு. "பொம்பள ஓட்டுனா வண்டி இப்படித்தான் ஆவும்."

அத தெருவுல நின்னு சொன்னாரு, நாலு பேருக்குக் கேக்கட்டும்னு. அதோட விட்டாரா? தம்பிக்கு போன் போட்டு ஓதிட்டாரு. ராத்திரி என் வூட்டுக்காரர் பேசுனாரு. "இந்தா, வார ஞாயித்துக்கெழம நான் வரேன். அதுக்குள்ள சரியாவலன்னா அண்ணன் பேர்ல மாத்திக் குடுத்துடலாம். அவரு சரி பண்ணி ஓட்டிக்கட்டும். நீ வூட்ட பாத்துக்க."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! மாடு மேச்சது நானு, வித்தது நானு, டிரைவிங் கத்துக்கிட்டு எட்டு போட்டது நானு. இவரு பெங்களூர் அபார்ட்மென்ட் கேட்டுல உக்காந்துக்கிட்டு என் வண்டிய அவங்க அண்ணனுக்கு தாரை வாக்குறாரு. சரிங்கன்னு சொல்லி போன வெச்சேன். அழுவ வந்துச்சு, அழுவல.

மறுநாளே வண்டிய எடுத்துக்கிட்டு தருமபுரி சர்வீஸ் சென்டருக்குக் கெளம்பிட்டேன். ரோடு பூரா வைப்பர் ஆடிக்கிட்டே வந்துச்சு. ரெண்டு பக்க இண்டிகேட்டரும் மாறி மாறி கண்ணடிச்சுது. பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு பைக்குக்காரன் நான் எந்தப் பக்கம் திரும்பறேன்னு தெரியாம நடு ரோட்டுல நின்னு என்னக் கும்புட்டான்.

சர்வீஸ் சென்டர்ல ஒரு டை கட்டுன ஆளு. என்னப் பாத்தாரு, எனக்குப் பின்னாடி எட்டிப் பாத்தாரு.

"ஓனர் வரலைங்களா?"

"வந்திருக்காங்க."

"எங்கங்க?"

"உங்க முன்னாடிதான் நிக்கறாங்க."

அவரு மெக்கானிக் தம்பிய கூப்புட்டு விட்டுட்டு ஏசி ரூமுக்குள்ள போயிட்டாரு.

அந்தத் தம்பி டேஷ்போர்டுக்கு அடில தலைய உட்டு, பேனலக் கழட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு டப்பாவ வெளிய எடுத்தான். அதுக்குப் பேரு பாடி கண்ட்ரோல் மாட்யூலாம். லைட்டு, வைப்பர், ஹாரன், கதவு லாக்கு எல்லாத்துக்கும் உத்தரவு போறது அதுலேருந்துதானாம். டப்பாவத் தொறந்ததும் அவன் மூக்கச் சுருக்குனான். உள்ள மஞ்சளா, பச்சையா பூஞ்சை மாதிரி படிஞ்சு கிடந்துச்சு. ஓரத்துல ஒரு பேரீச்சம்பழத் தோலு. எறும்பு வேற.

"அக்கா, வண்டிக்குள்ள பஞ்சாமிர்தம் கொட்டுச்சா?"

எனக்கு சட்டுன்னு வெளங்கிடுச்சு. போன ஆயுத பூஜைக்கு வண்டிய கழுவி, சந்தனப் பொட்டு வெச்சு நிறுத்தியிருந்தேன். டேஷ்போர்டு மேல ஒட்டி வெச்ச குட்டிப் புள்ளையாரு இருக்காரு இல்ல, அவருக்கு அபிஷேகம் பண்ணாம என்ன பூஜைன்னு மூத்தார் செம்போட வந்தாரு. பாலு, மஞ்சத்தண்ணி, பஞ்சாமிர்தம், எளநி. கோயில் கருவறைன்னு நெனப்பு. "மாமா, உள்ள தண்ணி எறங்கும், வேணாம் மாமா"ன்னேன். "சாமி காரியத்துல குறுக்க பேசாத"ன்னு ஒரு அதட்டு. புள்ளையாரு மேல எனக்கும் பக்தி உண்டுங்க. காத்தால அவரத் தொட்டுக் கும்புடாம நான் சாவியத் திருவுறதே இல்ல. ஆனா அந்தப் புள்ளையாரே வாய் தொறந்து போதும்னு சொல்லியிருந்தாலும் எங்க மூத்தார் செம்ப கீழ வெச்சிருக்க மாட்டாரு. ஊத்துன அம்புட்டும் டேஷ்போர்டு இடுக்கு வழியா எறங்கி, நேரா இந்த டப்பாவுக்குப் போயிருக்கு.

பொம்பள ஓட்டுனா இப்படித்தான் ஆவுமாம்! தூ!

டை கட்டுனவரு வெளிய வந்து, "தண்ணி போனா வாரண்டி கிடையாதுங்க மேடம்"னாரு. நான் மேடமாயிட்டேன், பாருங்க. புது டப்பாவையே போடச் சொல்லிட்டேன்.

டப்பாவ மாட்டுனா மட்டும் போதாதாம். தம்பி லேப்டாப்பக் கொண்டாந்து வண்டில ஒயர் சொருகுனான். புது டப்பாவுக்கு இது எந்த வண்டி, எது இதோட சாவின்னே தெரியாதாம், ஒவ்வொண்ணா சொல்லிக் குடுக்கணுமாம். சேஸ் நம்பர அடிச்சான். ஹெட்லைட்டப் போட்டான், எரிஞ்சுது, அணைச்சான், அணைஞ்சுது. வைப்பர் சொன்னாத்தான் ஆடுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அப்புறம் கைய நீட்டுனான். "ரெண்டு சாவியும் குடுங்கக்கா."

என்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு மூத்தார் அரணாக்கொடில தொங்குது. வண்டி வூட்டுக்கு வந்த அன்னைக்கே, "பொம்பள கையில ரெண்டு சாவி எதுக்கு, தொலச்சிடுவ"ன்னு வாங்கி முடிஞ்சுக்கிட்டவரு.

"அது ஊர்ல இருக்குப்பா."

"போன் போட்டு யாரையாவது கொண்டாரச் சொல்லுங்கக்கா. இப்ப காட்டுற சாவிய மட்டும்தான் இது ஏத்துக்கும். காட்டாத சாவிய மறந்துடும். கதவு வேணா தொறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆவாது."

போன கையில எடுத்தேன். மூத்தார் நம்பரு மேலயே இருந்துச்சு. போட்டா வந்துடுவாரு, சாவிக்காக இல்லன்னாலும் நாலு பேரு முன்னாடி என்னப் பேசறதுக்காகவாவது வந்துடுவாரு. சாணி நாத்தமும் காலி டேங்கும் மனசுல வந்துச்சு. போன பைக்குள்ள போட்டேன்.

"மறந்துட்டா நல்லதுதாம்ப்பா. ஒண்ணு போதும்."

"அப்புறம் அந்த சாவி வேஸ்ட்டுக்கா. நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுட்டேன். நீ அடி."

அடிச்சான்.

மறுநாள் காத்தால வழக்கம் போல லோடு ஏத்திக்கிட்டுப் போனேன். மார்க்கெட்டுல இறக்கிட்டு வந்து வேப்பமரத்தடில நிறுத்திட்டு சோத்துக்கு உக்காந்தேன். செத்த நேரத்துல கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. நான் எழுந்திரிக்கல. ரசம் ஊத்திக்கிட்டேன். சாவி திருவுற சத்தம். மறுபடி திருவுற சத்தம். அப்புறம் ஸ்டியரிங்க ஓங்கிக் குத்துன சத்தம். பொய் சொல்லுவானேன், அந்த ரசம் மாதிரி ஒரு ரசம் நான் அதுக்கு முன்னால சாப்புட்டதே இல்ல.

மூத்தார் வாசல்ல வந்து நின்னாரு.

"என்னம்மா, வண்டி இன்னும் சரியாவலயா? நான்தான் அப்பவே சொன்னேனே. தம்பி வரட்டும், பேசி முடிச்சுக்கலாம்."

கைய கழுவிட்டு வந்து, என் சாவியப் போட்டு ஒரே திருவு. புடிச்சுக்கிச்சு. அவரு வண்டியப் பாத்தாரு, கையில இருந்த சாவியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு.

"புது டப்பா மாத்தியிருக்கு மாமா. இந்த சாவியத்தான் அதுக்குத் தெரியும். பழைய டப்பா உள்ள பஞ்சாமிர்தம் இருந்துச்சு. உங்க தம்பி வந்ததும் காட்டலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்."

அவரு மொகம் செவந்துச்சு. தெருவப் பாத்தாரு, எதுத்த வூட்டுக்காரங்க வாசல்ல நின்னாங்க. தொண்டையச் செருமிக்கிட்டு, துண்ட எடுத்து இந்தத் தோள்லேருந்து அந்தத் தோளுக்கு மாத்திப் போட்டுக்கிட்டாரு.

"அது கெடக்கட்டும். கொல்லைக்கு எருவடிக்கணும்... வண்டிய கொஞ்சம் குடேன்ம்மா."

வண்டி வந்த நாள்லேருந்து அந்த மனுசன் வாயிலேருந்து இப்படி ஒரு வார்த்த வந்து நான் கேட்டதில்ல.

"முடியாது மாமா"ன்னேன்.