அபூர்வ நோய்க்காரர்கள் அடுத்தடுத்து வந்தார்கள்

கண் பரிசோதிக்கிறவர்களுக்கு நாள் முழுக்க ஒரே வேலைதான்: “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பது, “ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு” என்ற பதிலைத் தாங்கிக்கொள்வது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வியர்த்துப்போன உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரியும். எழுபதுகளில், தூத்துக்குடியில் ஒரு டாக்டரம்மாவின் கண் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை.

ஒன்று மூன்றானது

சூசை துறைமுகத்தில் மூட்டைக் குறிகளை வாசித்துச் சரிபார்க்கிற இளம் குமாஸ்தா. கண்ணாடியை எத்தனை முறை மாற்றியும் குறிகளைத் தப்பாகவே வாசித்தான். வேலை போகிற நிலை. போதாததற்கு, தூரத்துக் கப்பல் விளக்கு மூன்றாகத் தெரிகிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். மாமனார் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார். குடிகாரனோடு என் மகள் இருக்க வேண்டாம் என்று ரோஸ்லினைத் தன் ஊரான கீழவைப்பாருக்கே கூட்டிப்போய்விட்டார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு எங்கள் அறை விளக்கைப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் விளக்கு மூன்றுதான்; போதையில் தெரிவதென்றால் ஒரு கண்ணை மூடியதும் ஒன்றாகியிருக்கும். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், ஒரே பட்டையாக நகர வேண்டிய ஒளி கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடியது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் சோதித்துவிட்டு, “இது கெரட்டோகோனஸ். உருண்டையா இருக்க வேண்டிய கருவிழி மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னால தள்ளியிருக்கு. ரொம்ப அபூர்வம். படிக்கிற காலத்துல ஒருத்தரைத்தான் பார்த்திருக்கேன்” என்றார். கண் போய்விடுமா என்று கேட்பான் என நினைத்தேன். சூசை கேட்டது வேறு:

“அப்ப நான் குடிக்கலன்னு எங்க மாமாட்ட ஒரு வார்த்த சொல்லுவீயளா?”

இரண்டாவது அபூர்வம்

சூசைக்குக் கருவிழி மேலேயே பொருத்துகிற லென்ஸ் ஒன்றைச் சென்னையில் செய்யச் சொல்லி அனுப்பியிருந்தோம். அது வருவதற்குள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கமலா வந்தாள். ஆசிரியர் பயிற்சியில் இருந்தவள். பேசும்போதே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் தானே எழுதியதைத் தன்னால் வாசிக்க முடியவில்லை என்று படிப்பை விட்டுவிடப் போகிறாளாம். வெளிச்சம் அடித்தேன். மறுபடி கத்தரிக்கோல்! பிறகு ஆத்தூரிலிருந்து ஒரு வெற்றிலை வியாபாரியும் அதே கண்ணோடு வந்து சேர்ந்தார்.

“அபூர்வம்னு சொன்னீங்களே டாக்டரம்மா?” என்றேன். அவருக்கும் அதே யோசனை. சென்னைக்குப் போனபோது பெரிய டாக்டர்களிடம் கேட்டிருக்கிறார். ஊரில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லையாம். “யாரும் தேடிப் பார்க்கல. கண்ணாடி போட்டும் தெளியாதவங்களை நாமும் சும்மா அனுப்பிட்டுத்தானே இருந்தோம்? இனிமே ஒருத்தரையும் விடாதே” என்றார். நோய் அவளுக்கு மட்டுமில்லை என்று கமலாவிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

“வேற ஆளுகளுக்கும் இருக்கா? அப்ப சந்தோஷம்... ஐயோ, அப்படிச் சொல்லக் கூடாதுல்லா!”

மாமனார் சாட்சி

லென்ஸ் வந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, கெட்டியானது. டாக்டரம்மா ஆள் அனுப்பி மாமனாரையும் ரோஸ்லினையும் வரவழைத்திருந்தார். அவர்கள் முன்னால் சூசை பழைய கண்ணாடியோடு எழுத்துப் பலகையைப் பார்த்தான். மேலே இருந்த பெரிய எழுத்தைத் தாண்ட முடியவில்லை. லென்ஸை வைத்ததும் கண்ணிலிருந்து நீர் தாரையாகக் கொட்டியது. எடுத்துவிடுங்கள் என்று ரோஸ்லின்தான் பதறினாள். அவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் பொறுத்திருந்தான். நீர் அடங்கியதும் வரிவரியாக வாசித்துக்கொண்டே கீழே இறங்கினான்.

கடைசி வரிக்கு முன்னால் நின்றுவிட்டு, மனைவி பக்கம் திரும்பினான். “ஏளா, இப்பிடி மெலிஞ்சு போயிட்டியே!” என்றான். ரோஸ்லின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமனார் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அவரே டாக்டரம்மாவின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

“அம்மா, எனக்கும் விளக்கு ரெண்டாத்தான் தெரியுது. ஆனா நான் குடிக்கத்தான் செய்யுதேன்.”

மீன் கடையில் முத்து

லென்ஸோடு சூசை வேலையைக் காப்பாற்றிக்கொண்டான். ஒருநாள் மீன் கடையில் கண்ணைத் தேய்த்ததில் லென்ஸ் ஒன்று தெறித்து விழுந்துவிட்டது. “மிதிச்சிராதீங்க!” என்று அவன் தரையில் உட்கார, முத்துக்குளிக்கிற எங்கள் ஊர் வழக்கப்படி முத்துதான் விழுந்துவிட்டது என்று கூட்டமே குனிந்து தேடியிருக்கிறது. கடைசியில் மீன்காரி ஒருத்தி தன் பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்ததை எடுத்து நீட்டினாளாம். மறுநாள் கழுவிக் கொண்டுவந்தான், கீறல்கூட விழவில்லை. அவள் சொன்னதை அப்படியே நடித்துக் காட்டினான்:

“முத்துன்னுல்லா குனிஞ்சேன்! இது என்னலே, சாளை மீன் செதிலு மாதிரி இருக்கு?”

கமலா பயிற்சியை முடித்து டீச்சரானாள். தன்னைப்போலக் கண்ணைக் கசக்குகிற பிள்ளைகளையெல்லாம் பிடித்து எங்களிடம் அனுப்ப ஆரம்பித்தாள். நான் வேலையை விட்ட சமயத்தில், புத்தகத்தில் அபூர்வம் என்று போட்டிருந்த நோய்க்காரர்கள் உட்கார இடம் போதாமல், டாக்டரம்மா வராந்தாவுக்கு இன்னொரு பெஞ்சு செய்யச் சொல்லியிருந்தார்.