லேப் சர்வரின் மூன்று மணி நேரம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'எதுக்கும் அக்கா' என்று பெயர். வாயைத் திறந்தால் "எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்" என்பாள். கம்ப்யூட்டர் பிரிவில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். காலையில் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, படியிறங்கி, திரும்ப ஏறிவந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். அதற்குள் கணவர் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டிருப்பார். காத்திருந்தே பழகிப்போன மனிதர்.

அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் இருவரும் மகளிடம் கிளம்பவேண்டும். மகளுக்குத் தலைப்பிரசவம், டாக்டர் சொன்ன தேதி நெருங்கிவிட்டது. மூன்று மாத லீவு. சேர்ந்தாற்போல ஒரு வாரம்கூட அவள் இதற்குமுன் லீவு எடுத்ததில்லை.

கிளம்புவதற்குள் ஒரு வேலையை முடிக்கவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி சர்வர்களில் ஓடுகிற லினக்ஸ் மென்பொருளுக்கு வருடச் சந்தா உண்டு. பணம் கட்டிவிட்டால் போதாது, ஒவ்வொரு சர்வரையும் அதைத் தரும் கம்பெனியின் சந்தா தளத்தில் பதிவு செய்யவேண்டும். பதிவான சர்வருக்குத்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துசேரும். பல வருடங்களுக்கு முன், ஆஸ்பத்திரி பெயரில் அக்கவுண்ட் திறக்கத் தாமதமானபோது, "இப்போதைக்கு உங்க பேர்ல போட்டு வைங்கம்மா" என்றார் மேனேஜர். அந்த 'இப்போதைக்கு' இன்றுவரை நீண்டுவிட்டது. எதைத் தொட்டாலும் ரகசிய எண் அவள் போனுக்குத்தான் வரும். பிரசவ அறை வாசலில் நிற்கும்போது வந்தால்? போன் தண்ணீர் வாளியில் விழுந்துவிட்டால்? இதையெல்லாம் நினைத்து இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. லீவுக்கு முன் எல்லா சர்வரையும் ஆஸ்பத்திரியின் புது அக்கவுண்டுக்கு மாற்றிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டாள்.

பழையதிலிருந்து விடுவித்து, புதியதில் சேர்க்கவேண்டும். காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னபடி கேட்டன. கடைசியில் லேப் சர்வர். ரத்தம், சர்க்கரை, எந்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் அதிலிருந்துதான் அச்சாகும். விடுவித்தாள். சேர்த்தாள். பதிவாகிவிட்டது என்று, அதற்கு அடையாளமாகக் கம்பெனியின் சான்றிதழும் வந்தது. அடுத்த கட்டளைக்கே, சான்றிதழ் செல்லாது என்று மறுத்துவிட்டது. மறுபடி முயன்றாள். அதே பதில். பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று, புது வீட்டில் சாவி திரும்பமாட்டேன் என்கிறது.

மேனேஜரிடம் ஓடினாள்.

"லேப் ஓடுதா இல்லையா?" என்றார் அவர்.

"ஓடுது சார்."

"அப்புறம் என்னம்மா? போய்ப் பேரப்பிள்ளையைக் கொஞ்சுங்க."

"அதான் சார் பயமே. பதிவு இல்லாட்டியும் ஓடும். ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அந்தப் பெரிய திருத்தம் வரப்போகுதே, எல்லாத்துக்கும் போகும், இதுக்கு மட்டும் போகாது."

"வந்து பாத்துக்கலாம்."

"மூணு மாசம் கழிச்சா?"

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டார். போன மாதம்தான் வேறொரு ஆஸ்பத்திரியில் இப்படித் திருத்தம் போடாத ஒரு சர்வர் வழியாக யாரோ புகுந்து, எல்லா ரிப்போர்ட்டையும் பூட்டிவிட்டார்கள். நோயாளிகள் வாசலில் உட்கார்ந்திருந்த படம் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

இடத்துக்கு வந்து பிழைச் செய்தியைத் திரும்பப் படித்தாள். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லையாம். இப்போதுதானே கொடுத்தார்கள்? சட்டென்று லேப் சர்வரின் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி நேரம் பின்னால் இருந்தது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இனிமேல்தான் பிறக்கவேண்டும். இரண்டு மாதம் முன்பு ஒரு பாகத்தை மாற்ற வந்த ஆள் கையால் நேரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறவள் இதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

லேபுக்குப் போனாள். பொறுப்பிலிருந்த அம்மாள் இவள் வயதுதான், தோழி.

"உங்க ரிப்போர்ட்ல நேரம் தப்பா வருதா?"

"ஆமா. மூணு மணி நேரம் கூட்டி, சிவப்புப் பேனால எழுதிடுவோம். டாக்டருங்களுக்கே பழகிடுச்சு."

"ரெண்டு மாசமாவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

தோழி கையுறையைக் கழற்றினாள். "சொன்னா என்ன செய்வீங்க? எதுக்கும்னு ஆரம்பிச்சு மிஷினை நிறுத்துவீங்க. இங்க கூட்டம் கழுத்தை நெரிக்குது. கூட்டிப் போட்டுட்டுப் போயிடலாம்னு விட்டுட்டோம்."

முகத்தில் அடித்தாற்போல இருந்தது. பயப்படுகிறவளிடம் யாரும் எதையும் சொல்வதில்லை போலிருக்கிறது. அதைப் பற்றி வருந்த நேரமில்லை. "கொஞ்ச நேரம் நிறுத்தித் தாங்க, போதும்" என்று கெஞ்சினாள். கையிலிருந்த மாதிரிகள் முடிந்ததும் தோழி தலையாட்டினாள். கடிகாரம் சரியானது, இனித் தானாகவே சரிபார்த்துக்கொள்ளும்படியும் ஆனது. சர்வர் புது அக்கவுண்டில் மறுபேச்சில்லாமல் சேர்ந்துகொண்டது. வேலை முடிந்துவிட்டது. கிளம்பியிருக்கலாம்.

கதவு வரை போனவள் நின்றாள். இனிமேல் யாராவது பழக்கத்தில் மூணு மணி நேரம் கூட்டினால்? சாப்பாட்டுக்கு முன் எடுத்த ரத்தம் பின்னால் எடுத்ததாக ஆகிவிடாதா?

"சாயங்கால ஷிப்ட்டுக்கு நான் சொல்லிடுறேன், நீங்க கிளம்புங்க தாயே" என்றாள் தோழி.

"எதுக்கும்..."

"தெரியும், தெரியும். உக்காருங்க."

போன் அடித்தது. கணவர். "பெட்டியோட கேட்ல நிக்கிறேன். வர்றியா?"

"தோ, வந்துட்டேங்க."

"இந்த 'தோ'வை நம்பித்தான் கல்யாணத்தன்னைக்கே முகூர்த்தம் தள்ளிப்போச்சு."

சாயங்கால ஷிப்ட்காரன் வந்தான். தோழி விவரமாகச் சொன்னாள். "சரிங்க மேடம், கூட்டவேண்டாம், புரிஞ்சுது" என்றான். முதல் ரிப்போர்ட் அச்சாகி வந்தது. வாசலில் யாருடனோ பேசிக்கொண்டே அதை எடுத்தான். கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போனது, நேரத்தை அடித்தது, மூன்று மணி நேரம் கூட்டியது.

"தம்பி!"

அவன் தாளைப் பார்த்தான். "அய்யய்யோ. கை தானாப் போயிடுச்சுக்கா."

அவனைத் திட்டத் தோன்றவில்லை. இவனுக்குப் பின் ராத்திரிக்காரன், அவனுக்குப் பின் காலைக்காரர். எத்தனை பேர் பக்கத்தில் நிற்பது? மேஜை மேல் இருந்த சிவப்புப் பேனாக்களை எடுத்தாள். டிராயரில் இருந்ததையும், மைக்ரோஸ்கோப்புக்குப் பின்னால் கிடந்ததையும் எடுத்தாள். எல்லாவற்றையும் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஏங்க, இது ஆஸ்பத்திரி சொத்து" என்றாள் தோழி.

"மூணு மாசத்துல தந்துடுறேன்."

பஸ் போய்விட்டிருந்தது. கணவர் அடுத்த பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கினார். கடைசி வரிசைதான் கிடைத்தது, குழிக்குக் குழி தூக்கிப் போட்டது. வலி வந்துவிட்டதா என்று மகளுக்கு இரண்டு தடவை போன் செய்தாள். "அம்மா, நீ இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா உனக்குத்தான் முதல்ல வலி வரும்" என்றாள் மகள்.

ராத்திரி ஷிப்ட் தொடங்கியிருக்கும் என்று நினைத்தபோதே லேபிலிருந்து போன்.

"அக்கா, இங்க ஒரு சிவப்புப் பேனாகூட இல்ல. உங்ககிட்ட கேக்கச் சொல்லிட்டு சாயங்கால ஷிப்ட்காரன் ஓடிட்டான். நான் நேரத்தை எதால திருத்துறது?"

"திருத்தவே வேணாம் தம்பி. கடிகாரம் சரியாயிடுச்சு. வர்றதை அப்படியே குடு. ஒண்ணாவது கூட்டிட்டியா?"

"பேனா இருந்தாத்தானே கூட்டுறதுக்கு."

போனை வைத்தாள். "என்னவாம்?" என்றார் கணவர்.

"பேனா இல்லையாம்."

அவர் அவள் மடியில் புடைத்திருந்த பையைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அவளும் தலையைச் சாய்த்தாள். காலை ஷிப்ட்காரர் சட்டைப்பையில் எப்போதும் சொந்தச் சிவப்புப் பேனா ஒன்று செருகியிருப்பார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.