இருபத்திரண்டு படங்களில் ஒன்று

வெர்டன் ஊரில் முப்பது வருடம் குதிரைகளை டிரஸ்ஸாஜ் என்னும் குதிரை நடைப் போட்டிகளுக்குப் பழக்கியவள் கேஷே. கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்காதவள் என்று ஊரில் பெயர். குதிரையேற்ற மன்றத்தின் பத்திரிகையில் வந்த ஒரே ஒரு படம் அந்தப் பெயரைக் கெடுத்தது. அதில் அவள் ஏறியிருந்த குதிரையின் மூக்கு நெஞ்சோடு மடங்கியிருந்தது. அவள்தான் கடிவாளத்தை முரட்டுத்தனமாக இழுத்தாள் என்று மன்றம் அவளைப் பயிற்சியிலிருந்து நீக்கியது. பிறகு அவள் குதிரை ஏறவேயில்லை.

அவளை அடக்கம் செய்த மறுவாரம், அந்தப் பத்திரிகைப் படத்தை எடுத்த குடும்ப நண்பர் ஓன்னோ, நினைவாக இருக்கட்டும் என்று அதோடு தொடர்ச்சியாக எடுத்த படங்கள் எல்லாவற்றையும் மகள் இம்கேயிடம் கொடுத்தார். பொறியாளரான அவள் ஒவ்வொன்றிலும் குதிரைத் தலையின் கோணத்தை அளந்தாள். இரண்டு நொடியில் இருபத்திரண்டு படங்கள். பத்திரிகையில் வந்த அந்த ஒன்றில் மட்டும், நெஞ்சில் உட்கார்ந்த ஈயை விரட்டக் குதிரை தலையை மடக்கியிருந்தது. அம்மாவின் கை எதிலும் அசையவில்லை.

"ஓன்னோ மாமா, போயும் போயும் இதையா பத்திரிகைக்குக் குடுத்தீங்க?"

"அதுலதாம்மா முன்னங்கால் நல்லா உசந்திருந்துச்சு. எல்லாரும் காலைத்தான் பாப்பாங்க."

"ஊரே அம்மாவைக் கரிச்சுக்கொட்டுச்சே, அப்பவாவது மத்ததக் காட்டியிருக்கலாம்ல?"

"அதுக்குள்ள அந்தப் படத்துக்குப் பரிசு குடுத்துட்டாங்கம்மா. நானே போய் எப்படிச் சொல்றது?"

இம்கே அவர் கழற்றி மாட்டியிருந்த கோட்டை எடுத்துவந்து நீட்டி, வாசல் கதவைத் திறந்தாள்.