தொப்பியைத் தொட்டவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டு மீன் ஏலத்தில் அன்று வஞ்சிரம் இரண்டே கூடை. ஒன்றாவது கிடைக்காவிட்டால் எனக்கு வியாபாரமே இல்லை. நான் விலை கேட்கும்போதெல்லாம் எதிரே நின்ற நெட்டை ஜப்பான்காரர் தொப்பியைத் தொட்டு மூக்கைத் தடவினார். அவர் விலை ஏற்றுகிறார் என்று நினைத்து ஏலக்காரர் முதல் கூடையை அவருக்கே விட்டார்.

கூச்சத்தை விட்டு, “இன்னா நைனா, என் பொழப்புல கைய வச்சிட்டியே?” என்றேன்.

அவர் பதறினார். “மீன் வேணாம், அம்மா! நான் பேஸ்பால் ஆட்டக்காரன். சம்பளத்துக்கு ஆடினேன். எதிராளிக்குத் தெரியாம எங்க ஆளுக்கு சைகை. கை பழக்கம். இப்டி!” என்று மறுபடி தொப்பியைத் தொட்டுக் காட்டினார்.

“ரெண்டாவது கூடையும் தொப்பிக்காரருக்கே!” என்று கத்தினார் ஏலக்காரர்.

ஜப்பான்காரரே விலை கொடுத்து, இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டு, கைகளைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நடந்தார். வாசலில் திரும்பி, என்னைப் பார்த்துக் காதை இழுத்தார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று ஆட்டம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். தெரியாமல் நானும் தலையாட்டிவிட்டேன்.