நசுருல்லா பாய் மிதவை தேர்ந்தெடுத்த கதை

சேலத்திலிருந்து கடலுக்கு ஒரு ராத்திரிப் பயணம். அந்தத் தூரமெல்லாம் நசுருல்லாவை ஒன்றும் செய்யவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாரித் தார்ப்பாய் விற்கும் மனிதர், குடும்பத்தோடு அந்தமான் சுற்றுலா போன இடத்தில், மகள் அஃபீபாவின் ஆசைக்காக முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலில் முங்கினார். முங்கியவர் எழுந்துவிட்டார், அவர் பேச்சுதான் அதற்கப்புறம் கரையேறவே இல்லை. கடைக்குக் கயிறு வாங்க வந்தவர்கூட மீன் கூட்டத்தைப் பற்றி முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். பிறகு முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கி, அதற்குச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்.

மாட்டியாயிற்று, முங்க இடம்? மேட்டூர் அணை இருக்கவே இருக்கிறது. அனுமதியை யாரிடம் கேட்பது என்று யாருக்கும் தெரியாததால் இவரும் கேட்கவில்லை. உருளை மட்டும் பார்சல் லாரியில் புதுச்சேரி போய்க் காற்று நிரப்பிக்கொண்டு வரும். அணையில் மீன் பிடிக்கும் செங்கோடன் பரிசலில் கூட்டிப்போவார். அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை.

"பாய், முங்கிட்டீங்கன்னா நீங்க எங்கிருக்கறீங்கன்னே தெரிய மாட்டேங்குதுங்க. மேல மிதக்கறாப்ல ஏதாச்சும் கொண்டாங்க."

அதற்கென்றே மிதவை இருக்கிறது. ஆள் உயரத்துக்கு நீண்ட பை. தண்ணீருக்குள்ளேயே அதில் காற்றை நிரப்பிக் கயிற்றோடு மேலே விட்டால் நிமிர்ந்து நிற்கும். கயிற்றின் மறுமுனை முங்கியவர் கையில். படகுக்காரர் அதைப் பார்த்து ஆள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வார். வேலை இவ்வளவுதான். ஆனால் தேர்ந்தெடுப்பவர் தார்ப்பாய் வியாபாரி ஆயிற்றே.

கம்பெனி கம்பெனியாக வரவழைத்தார். ஒன்றில் அடிப்பக்கம் திறந்திருந்தது. சாய்ந்தால் காற்று போய்விடும் என்று தள்ளினார். இன்னொன்று அடி மூடி, வால்வு வைத்தது. அதன் விளிம்பைப் பார்த்து, "இது ஒட்டா, எச்சில் தொட்டு ஒட்டின தபாலா?" என்றார். வந்ததெல்லாம் ஆரஞ்சு, இல்லாவிட்டால் மஞ்சள். துணியை விரலிடுக்கில் தேய்ப்பார், முகம் சுளிப்பார், திருப்பி அனுப்புவார். மாதங்கள் ஓடின.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டீங்க" என்றாள் மனைவி ஷஹர்பானு. "இந்தப் பைக்கு இவ்ளோ ஆராய்ச்சி."

கடைசியில் நாட்டில் நல்ல மிதவையே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தானே செய்ய உட்கார்ந்தார். கடையில் இருந்ததிலேயே கனமான, முதல் தரமான தார்ப்பாயை எடுத்தார். அது நீல நிறம்.

"அத்தா, ஆரஞ்சு வைக்கிறதே தூரத்துலயே தெரியணும்னுதான்" என்றாள் அஃபீபா.

"ஆரஞ்செல்லாம் செகண்ட்ஸ் சரக்கும்மா. பந்தல்காரங்க வாங்குறது. அதைப் பிடிச்சிக்கிட்டு நான் தொங்கணுமா?"

ஆக, நீலத் தண்ணீரில் மிதக்க நீல மிதவை தயாரானது. மேட்டூரில் வலைக்கு மிதவையாகக் கட்டுவதும் நீல பிளாஸ்டிக் கேன்தான். அதைப் போகும்போதெல்லாம் பார்த்தவர்தான் நசுருல்லா, பார்த்ததோடு சரி. அணையில் ஒரு மரியாதை வேறு உண்டு. நீலமாக ஏதாவது மிதந்தால் அது யாரோ ஒருவருடைய வலை. மற்றவர்கள் விலகித்தான் துடுப்புப் போடுவார்கள். கிட்டே போகிறவன் திருடன்.

ஆடிக் காற்று அடித்த ஒரு நாள் முங்கினார். எழுந்தபோது செங்கோடனின் பரிசலைக் காணவில்லை. அவர் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்க, இவரை நீரோட்டம் வெகுதூரம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. மிதவையில் காற்றை நிரப்பி மிதக்கவிட்டார். உலகத் தரம் வாய்ந்த அந்த மிதவை துளிக் காற்றும் கசியாமல் அலையில் சாய்ந்து படுத்துக்கொண்டது. தூரத்தில் ஒரு பரிசல் தெரிந்தது. கத்தினார். சத்தத்தைக் காற்று எதிர்ப்பக்கம் கொண்டுபோயிற்று. பரிசல்காரர் நீலத்தைப் பார்த்தார், நேர்மையாக ஒதுங்கிப் போனார். அடுத்த பரிசலில் இருந்தவர் இன்னும் நேர்மையானவர். நன்றாகவே சுற்றிக்கொண்டு போனார். மேட்டூரில் இத்தனை யோக்கியர்கள் இருப்பது நசுருல்லாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

பொழுது சாய்ந்தது. கால்கள் மரத்துப்போயின. அஃபீபாவின் முகம் நினைவுக்கு வந்ததும் அழுதேவிட்டார். கலிமா சொல்லத் தொடங்கினார்.

அப்போது பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்த ஒரு பரிசல், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மிதவையைப் பிடித்து இழுத்தது. வலை வரும் என்று இழுத்தவன் கையில் கறுப்பு ரப்பர் உடையும் கண்ணாடியும் மாட்டிய ஓர் உருவம் வந்தது. அவன் போட்ட அலறலில் நசுருல்லாவும் அலறினார்.

காளியண்ணன் அவன் பெயர். அலறி முடித்ததும் ஓடிவிடவில்லை. தோளில் கைகொடுத்து இவரை ஏற்றினான், தன் துண்டால் துவட்டினான். பரிசலில் ஈரச் சாக்குக்கு அடியில் மீன்கள் துடித்தன.

"செங்கோடண்ணன் வலையில எடுத்ததுங்க" என்றான் தலை நிமிராமல். "எம்பேரை மட்டும் சொல்லிப்போடாதீங்க சாமி. வெளிய தெரிஞ்சா அணைக்குள்ளயே எறங்க உடமாட்டாங்க. புள்ளைங்க இருக்குதுங்க."

அந்த வருசம் முழுக்கச் செங்கோடன் திட்டித் தீர்த்த வலைத்திருடன் இவன்தான். நசுருல்லா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லமாட்டேன் என்று அல்லா மேல் ஆணையிட்டார்.

ஆள் இல்லாத கரையில் இறக்கிவிட்டு அவன் போய்விட்டான். கரையோரமாகவே தள்ளாடி நடந்து வந்தவரைச் செங்கோடன் கட்டிப்பிடித்து அழுதார். செங்கோடன் கையில் ஸ்பீக்கர் போட்ட போன், மறுமுனையில் ஷஹர்பானு. ஒரு பரிசல்காரர் தூக்கிவிட்டதாகச் சொன்னார் நசுருல்லா.

"அல்லா! யாருங்க தூக்கிவிட்டது? பேரைச் சொல்லுங்க, அவருக்காக துஆ செய்யணும்."

"ஆமாங்க பாய், ஆருங்க அந்தப் புண்ணியவான்?" என்றார் பக்கத்தில் செங்கோடன், கண்ணைத் துடைத்தபடி.

எதையும் வாய்க்குள் வைத்துப் பழகாத மனிதர் அந்தப் பேரை விழுங்கினார்.

"பேரு... கேக்கலை."



"அத்தனை கம்பெனி பேரையும் தூக்கத்துலகூடச் சொன்னீங்களே" என்றாள் ஷஹர்பானு. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "உசுரைக் காப்பாத்துனவரு பேரைக் கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

செங்கோடன் பிடித்திருந்த தோளை மெல்ல விட்டார்.

"தோணலை" என்றார் நசுருல்லா.